வயலில் பிறந்த செல்வ வண்டி

முன்னுரை

மனிதன் ஊர்தி ஏறத் தொடங்கிய நாள்முதல், ஊர்தியைக் கொண்டே அவனை அளக்கும் வழக்கமும் தொடங்கிவிட்டது. பல்லக்கில் வந்தவனுக்கு ஒரு வரவேற்பு; குதிரையில் வந்தவனுக்கு வேறொரு வரவேற்பு; கால்நடையாய் வந்தவன் வாயிலிலேயே நின்றான். இருபதாம் நூற்றாண்டில் பல்லக்கின் இடத்தையும் குதிரையின் இடத்தையும் மகிழுந்து எடுத்துக்கொண்டது. ஊர்தி மாறியதே தவிர, அளக்கும் கோல் மாறவில்லை.

இன்று நம் நகரங்களில் எத்திசை நோக்கினும் உயரமும் அகலமும் மிக்க, நான்கு சக்கரங்களும் உந்தித் தள்ளும் விலையுயர்ந்த வண்டிகளைக் காண்கிறோம். காட்டு வழியிலும் மலைச் சரிவிலும் செல்லத்தக்க ஆற்றலோடு செய்யப்பட்ட இவை, பெரும்பாலும் அங்காடிகளின் நிறுத்துமிடங்களிலும் பள்ளி வாயில்களிலும் நிற்கின்றன. உழவனுக்கென்று உருவான வண்டி செல்வனின் வண்டியானது எங்ஙனம்? அதனைத் தெரிவு செய்வோர் எதற்காகப் பொருள் கொடுக்கின்றனர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண வரலாற்றைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். ஒரு குடும்பத்தின் பல்லாண்டு உழைப்பை ஒரே கையொப்பத்தில் செலவிடும் செயல் இது. ஆகவே ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இவ்வரலாறு வெறும் பொழுதுபோக்குச் செய்தி ஆகாது.

முதற் பெருவண்டிகள்

செல்வர்க்குரிய வண்டி என்னும் எண்ணத்திற்கு உருவம் கொடுத்தவற்றுள் ஜெர்மானிய மெர்சிடிஸ் முதன்மையானது. பிரான்சு நாட்டின் நீஸ் நகரில் வாழ்ந்த எமில் ஜெல்லினெக் என்னும் வணிகர், டைம்லர் நிறுவனத்திடம் வேகமும் உறுதியும் மிக்க புதிய வண்டி ஒன்றை வேண்டினார். வில்ஹெல்ம் மைபாக் என்னும் பொறியியல் அறிஞர் அதனை வடிவமைத்தார். 35 குதிரைத்திறன் கொண்ட அவ்வண்டிக்கு ஜெல்லினெக் தம் மகள் பெயரையே சூட்டினார். 1901ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நீசில் நடந்த பந்தயங்களில் அது வென்றபோது, மெர்சிடிஸ் என்னும் பெயர் ஐரோப்பா முழுவதும் பரவிற்று. அதன் புதுமை மிகுதியான அலங்காரத்தில் இல்லை. நீண்ட சட்டகமும் தாழ்ந்த எடைமையமும் அதனை நிலத்தோடு ஒட்டிச் செல்லச் செய்தன. குதிரை பூட்டாத வண்டி என்னும் நிலையிலிருந்து மகிழுந்து விடுபட்டது அன்றுதான் எனலாம்.

இங்கிலாந்தில், 1904ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள், மான்செஸ்டர் நகரின் மிட்லண்ட் விடுதியில் இருவர் சந்தித்தனர். ஒருவர் பிரபு குடும்பத்தில் பிறந்த சார்ல்ஸ் ரோல்ஸ். மற்றொருவர் வறுமையில் வளர்ந்து தம் கைத்திறத்தால் உயர்ந்த ஹென்றி ராய்ஸ். விற்கத் தெரிந்தவரும் செய்யத் தெரிந்தவரும் கைகோத்த அந்தச் சந்திப்பிலிருந்து ரோல்ஸ்-ராய்ஸ் பிறந்தது. 1907ஆம் ஆண்டு, 'வெள்ளி ஆவி' எனப் பொருள்படும் பெயரைத் தாங்கிய அவர்களின் வண்டி, அரச மோட்டார் மன்றத்தின் கண்காணிப்பில் 15,000 மைல் ஓட்டச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டது. ஓட்டம் முடிந்தபின் வண்டி முழுவதும் பிரிக்கப்பட்டுத் தேய்மானம் அளக்கப்பட்டது. புதியதுபோல் ஆக்குவதற்குத் தேவைப்பட்ட உறுப்புகளின் விலை இரண்டு பவுனைச் சற்றே தாண்டிற்று.

மெர்சிடிசும் ரோல்ஸ்-ராய்சும் முதலில் புகழ் பெற்றது மெத்தையாலும் மினுக்காலும் அன்று. ஓடிக் காட்டியதால், உழைத்துக் காட்டியதால். முதல் உலகப் போரில் அதே ரோல்ஸ்-ராய்ஸ் சட்டகத்தின்மீது இரும்புக் கவசம் போர்த்தி அரேபியப் பாலைநிலத்தில் ஓட்டினர். அரண்மனை வாயிலில் நின்ற வண்டி மணற்காட்டிலும் ஓடியது. பெயர் பெற்றதற்குப் பின்புலமாக உழைப்பு இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

டயரும் தோட்டமும்

பெரிய வண்டிகளின் வரலாற்றைச் சொல்லும் நூல்கள் இயந்திரத்தைப் பேசும்; தோலுறையிட்ட இருக்கையைப் பேசும். வண்டியைத் தாங்கிய டயரைப் பற்றி மிகுதியாகப் பேசா. நாம் பேசாமல் இருத்தல் முறையன்று.

1888ஆம் ஆண்டு ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். மகிழுந்து பெருகியபோது ரப்பரின் தேவையும் பெருகிற்று. பிரேசில் நாட்டிலிருந்து 1876ஆம் ஆண்டு இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்ட விதைகளிலிருந்து வளர்ந்த கன்றுகளுள் 22 கன்றுகள், 1877ஆம் ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888ஆம் ஆண்டு சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். காப்பித் தோட்டத் துரைமாரிடம் ரப்பரைப் பயிரிடுமாறு அவர் விடாது வற்புறுத்தினார். 1896ஆம் ஆண்டு மலாக்காவில் டான் சே யான் முதல் வணிகத் தோட்டத்தை அமைத்தார்.

பின்னர் நிகழ்ந்தது நம் பாட்டன் பூட்டன்மார் வரலாறு. தமிழகத்து ஊர்களிலிருந்து கங்காணிமார் வழியாக ஆள் திரட்டப்பட்டது. காடு அழிந்து தோட்டமாயிற்று. 1938ஆம் ஆண்டு இந்திய அரசு அக்குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை கப்பல்கள் வந்தவண்ணம் இருந்தன. விடியுமுன் எழுந்து மரம் சீவிப் பால் சுமந்தவர் கைகள் அமெரிக்காவின் மலிவு வண்டிக்கும் இங்கிலாந்தின் செல்வ வண்டிக்கும் ஒருசேரக் கால் கொடுத்தன. லயத்து வீட்டில் வாழ்ந்த தொழிலாளி தோட்டத்துச் சாலையில் ஒதுங்கி நின்று துரையின் வண்டியைக் கண்டான். அவ்வண்டி அவன் சீவிய பாலின்மீது ஓடியது என்பதை அவனுக்கு எடுத்துரைப்பார் இல்லை. பெரிய வண்டியைக் கண்டு மலைத்து நிற்கும் மனப்பான்மை நம்மிடையே ஊன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருதலாம். அம்மலைப்பை வரலாற்றறிவு போக்குதல் வேண்டும்.

போருக்குப்பின் பிறந்த உழவு வண்டி

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இங்கிலாந்து வென்ற நாடுதான். ஆயினும் வெறுங்கை நாடாக நின்றது. உருக்கு, பங்கீட்டு முறையில் அளந்து கொடுக்கப்பட்டது. ஏற்றுமதி செய்வோர்க்கே மூலப்பொருள் கிடைக்கும் என்னும் நிலை. அதுகாறும் நடுத்தரச் செல்வர்க்கு நேர்த்தியான வண்டிகள் செய்துவந்த ரோவர் நிறுவனம், எதைச் செய்வது, எப்படி ஏற்றுமதி செய்வது என்று திகைத்தது.

அந்நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்சுக்கு வேல்சு நாட்டின் ஆங்கில்சித் தீவில் ஒரு பண்ணை இருந்தது. போரில் எஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை அவர் பண்ணை வேலைக்குப் பயன்படுத்தினார். அந்த ஜீப் தேய்ந்து ஓய்ந்தால் அதற்கு மாற்றாக எதை வாங்குவது என்னும் எண்ணமே புதிய வண்டிக்கு வித்தாயிற்று. நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த அவர் தமையனார் ஸ்பென்சர் வில்க்சும் உடன்பட்டார். 1947ஆம் ஆண்டு முதல் மாதிரி வண்டி உருவாயிற்று. 1948ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆம் நாள், ஆம்ஸ்டர்டாம் மோட்டார்க் கண்காட்சியில் லேண்ட் ரோவர் உலகின் பார்வைக்கு வந்தது.

அவ்வண்டியின் ஒவ்வோர் உறுப்பும் தேவையின் குழந்தை. உருக்குக் கிடைக்காததால் உடற்பகுதி அலுமினியக் கலவையில் அமைந்தது. அதனால் துருவும் பிடிக்கவில்லை. தட்டையான தகடுகள் விலையுயர்ந்த அச்சுகள் இன்றியே வளைக்கத்தக்கன. வயல் வேலைக்கான பொறிகளை இயக்க, வண்டியின் இயந்திரத்திலிருந்தே ஆற்றலை எடுத்துக்கொள்ளும் வசதியும் இருந்தது. 50 குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்கம், 450 பவுன் விலை. ஏழைமையில் பிறந்த எளிமை, அழகு என்று எவரும் நினையாத ஓர் அழகைப் பெற்றுவிட்டது. சில ஆண்டுகளுக்கு மட்டும் செய்து, நிலைமை சீர்ப்பட்டதும் நிறுத்திவிடலாம் என்று எண்ணித் தொடங்கிய வண்டி, 1976ஆம் ஆண்டில் பத்து இலட்சம் எண்ணிக்கையை எட்டியது.

மலாயாவின் ஒரு மலைச் சாலை

லேண்ட் ரோவர் பிறந்த அதே 1948ஆம் ஆண்டில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தோட்டங்களிலும் காட்டோரச் சாலைகளிலும் படையினரும் காவலரும் தோட்டத் துரைமாரும் லேண்ட் ரோவரில் சென்றனர். நம் நாட்டு முதியோர் பலர்க்கு அவ்வண்டியின் பெயர் அந்நாளைய ஊரடங்கு நினைவோடும் வேலியிட்ட குடியிருப்பு நினைவோடும் கலந்திருத்தல் இயல்பே.

1951ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி, கோலாலம்பூரிலிருந்து பிரேசர் மலைக்குப் புறப்பட்டார். அவர் ஏறிச் சென்றது ரோல்ஸ்-ராய்ஸ். முன்னே காவலர் சென்றது லேண்ட் ரோவர். வளைந்து ஏறும் மலைச்சாலையின் ஒரு திருப்பத்தில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுப் படையினர் சுட்டனர். கர்னி வண்டியிலிருந்து இறங்கிச் சாலையோரம் நோக்கி நடந்தார்; குண்டுபட்டு வீழ்ந்தார். வண்டியினுள் தாழப் பதுங்கியிருந்த அவர் துணைவியாரும் செயலரும் உயிர் பிழைத்தனர்.

இந்நிகழ்ச்சியின் அரசியல் பொருள் வேறு. அதனை வரலாற்று வகுப்பில் விரிவாகக் கற்பிக்கிறோம். நம் பொருளுக்கு வேண்டியது ஒன்றே. அக்காலத்துச் செல்வ வண்டியும் உழவு வண்டியும் ஒரே சாலையில், முன்னும் பின்னுமாகச் சென்றன. ஒன்று பதவிக்கு, மற்றொன்று பணிக்கு. அவற்றை ஒன்றாக்கலாம் என்னும் எண்ணம் அன்று எவர்க்கும் தோன்றியிராது. இருபது ஆண்டுகள் கழியுமுன்னரே அது நிகழ்ந்தது.

1970: இரண்டும் ஒன்றான ஆண்டு

1960களில் ரோவர் நிறுவனப் பொறியாளர் ஸ்பென் கிங், கார்டன் பாஷ்போர்டுடன் சேர்ந்து புதிய முயற்சி ஒன்றில் இறங்கினார். ஸ்பென் கிங் வில்க்ஸ் உடன்பிறப்பாளர்களின் மருமகன் முறையினர். வயலில் உழைக்கவும் வேண்டும், நெடுஞ்சாலையில் உடல் அலுக்காமல் விரையவும் வேண்டும் என்பதே அவர் நோக்கம். தட்டை வில்லுக்குப் பதிலாகச் சுருள்வில் அமைத்தார். நான்கு சக்கரங்களிலும் வட்டத்தகட்டுப் பிரேக்கு. நான்கு சக்கரங்களும் எப்பொழுதும் இயங்கும் ஏற்பாடு. அமெரிக்க நிறுவனத்திடம் உரிமை பெற்ற, அலுமினியத்தாலான 3.5 லிட்டர் எட்டு உருளை இயந்திரம். டேவிட் பேச் என்னும் வடிவமைப்பாளர் தோற்றத்தைச் செப்பம் செய்தார். 1970ஆம் ஆண்டு ஜூன் மாதம் ரேஞ்ச் ரோவர் வெளிவந்தது. விலை 1,998 பவுன்.

இன்றைய செல்வ வண்டியை மனத்தில் வைத்து அன்றைய ரேஞ்ச் ரோவரைக் கற்பனை செய்வோர் ஏமாறுவர். அதற்குக் கதவுகள் இரண்டே. இருக்கை உறை நெகிழியால் ஆனது, தரைவிரிப்பு ரப்பர். சேறு பட்டால் நீர்க்குழாயைப் பிடித்து உள்ளேயும் கழுவிவிடலாம். பண்ணையாளர் காலையில் ஆடுகளுக்குத் தீவனம் ஏற்றிச் சென்று, மாலையில் கழுவி, இரவில் நாடகம் பார்க்கச் செல்லத்தக்க வண்டி அது.

அதன் வடிவச் சிறப்பிற்காக 1971ஆம் ஆண்டு பாரிசு நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. அதே காலத்தில், 1971-72ஆம் ஆண்டுகளில், பிரிட்டிஷ் பயணக் குழு ஒன்று இரு ரேஞ்ச் ரோவர்களுடன் அலாஸ்காவிலிருந்து தென்னமெரிக்காவின் தென்கோடிவரை சென்றது. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே சாலையே இல்லாத டேரியன் சதுப்புக் காட்டையும் அது கடந்தது. 1979ஆம் ஆண்டு முதன்முறையாக நடந்த பாரிசு-டாக்கர் பாலைவனப் பந்தயத்தில் வென்ற நான்கு சக்கர வண்டியும் ரேஞ்ச் ரோவரே. ஒருபால் கலைக்கூடம், மற்றொருபால் சதுப்பும் மணலும். மெர்சிடிசும் ரோல்ஸ்-ராய்சும் தொடக்கத்தில் பெற்ற அதே சான்றிதழை, உழைத்துக் காட்டிப் பெறும் சான்றிதழை, இதுவும் பெற்றது.

செல்வ வண்டியான கதை

நகரத்துச் செல்வர் அவ்வண்டியை விரும்பலாயினர். உயர்ந்த இருக்கையில் அமர்ந்தால் சாலை முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. பிறர் வண்டிகள் கீழே தெரிகின்றன. இவ்விரண்டில் முன்னதை வாங்குவோர் வாய்விட்டுச் சொன்னார்கள். பின்னதைச் சொல்லாமல் அனுபவித்தார்கள்.

நிறுவனம் அவர்கள் விருப்பத்தின் வழியே சென்றது. 1981ஆம் ஆண்டு நான்கு கதவுகள் வந்தன. 1982ஆம் ஆண்டு தானியங்கிப் பற்சக்கரப் பெட்டி வந்தது. நெகிழி உறை போய்த் தோலுறையும், ரப்பர் விரிப்புப் போய்க் கம்பளமும், மரவேலைப்பாடும் வந்தன. 1987ஆம் ஆண்டு அமெரிக்கச் சந்தையில் அது செல்வ வண்டியாகவே நுழைந்தது. 1992ஆம் ஆண்டு காற்றழுத்த வில்லமைப்பு வந்தது. நீர்க்குழாயால் கழுவிய வண்டியின் உட்புறத்தை இப்போது மென்துணியால் துடைக்க வேண்டியதாயிற்று. முதல் தலைமுறை ரேஞ்ச் ரோவர் 1996ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டபோது, மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டிருந்தன.

இப்போக்கிற்குச் சட்டமும் துணை செய்தது என்பதை மறத்தலாகாது. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, அமெரிக்க அரசு 1975ஆம் ஆண்டு எரிபொருள் சிக்கனச் சட்டம் இயற்றியது. 1985ஆம் ஆண்டளவில் பயணியர் வண்டிகள் சராசரியாக ஒரு கேலனுக்கு 27.5 மைல் ஓடவேண்டும் என அது வகுத்தது. இலகு சுமையுந்துகளுக்கோ அதனினும் தளர்ந்த அளவு. உயரமான நான்கு சக்கர இயக்க வண்டிகள் அச்சுமையுந்து வகையில் அடங்கின. பெரிய பயணியர் வண்டியைச் சட்டம் நெருக்கியது. பெரிய சுமையுந்து வகை வண்டிக்கு வழி விட்டது. எண்ணெயைச் சேமிக்க எழுந்த சட்டத்தின் இடைவெளியிலேயே எண்ணெய் மிகுதியாகக் குடிக்கும் வண்டிகள் வளர்ந்தன. சட்டம் வகுப்போர் சொற்பொருளை எத்துணை நுணுகி ஆராய்தல் வேண்டும் என்பதற்கு இஃது ஒரு பாடம்.

பிறகு பெருநிறுவனங்கள் யாவும் இவ்வழியில் இறங்கின. மெர்சிடிஸ் 1997ஆம் ஆண்டிலும், பி.எம்.டபிள்யூ 1999ஆம் ஆண்டிலும், பந்தய வண்டிக்குப் பெயர்பெற்ற போர்ஷே 2002ஆம் ஆண்டிலும் அமெரிக்கக் குடும்பங்களை மனத்திற்கொண்டு உயர்ந்த வண்டிகளை வெளியிட்டன. 2018ஆம் ஆண்டு ரோல்ஸ்-ராய்சே குல்லினன் என்னும் பெயரில் இத்தகைய வண்டியைச் செய்தது. தென்னாப்பிரிக்காவில் 1905ஆம் ஆண்டு கிடைத்த மாபெரும் வைரத்தின் பெயர் அது. அதன் எடை இரண்டரை டன்னுக்கும் மேல். பிரேசர் மலைச் சாலையில் முன்னும் பின்னுமாகச் சென்ற இரு வண்டிகளும் ஒரே வண்டியாய்விட்டன.

இதற்கிடையே லேண்ட் ரோவர் நிறுவனம் பல கைகள் மாறியது. 1994ஆம் ஆண்டு ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூவிடமும், 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் போர்டு நிறுவனத்திடமும் சென்றது. 2008ஆம் ஆண்டு, ஜாகுவார் நிறுவனத்துடன் சேர்த்து 230 கோடி அமெரிக்க டாலருக்கு இந்தியாவின் டாடா குழுமம் அதனை வாங்கியது. ஒருகாலத்தில் ஆண்ட நாட்டின் அடையாளமாய் விளங்கிய வண்டி, ஆளப்பட்ட நாட்டின் உடைமையாயிற்று. வரலாற்றுச் சக்கரமும் நிற்பதில்லை.

படைத்தவரின் மறுப்பு

ரேஞ்ச் ரோவரைப் படைத்த ஸ்பென் கிங் 2010ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார். தம் படைப்புப் பெற்ற புகழைக் கண்ட அவர் மகிழ்ந்து மட்டும் அமர்ந்திருக்கவில்லை. 2004ஆம் ஆண்டு, இத்தகைய வண்டிகளை நகரத் தெருக்களில் ஓட்டுவதையும், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிட எடுத்துச் செல்வதையும் வெளிப்படையாகக் கண்டித்தார். தகுதியைக் காட்டும் அடையாளமாகத் தாம் அதனைப் படைக்கவில்லை என்பது அவர் நிலை.

ஒரு பொருளைச் செய்தவரே அதன் பயன்பாடு நெறி தவறியது என்று சொல்வது அரிதினும் அரிது. அதிலும் பள்ளி வாயிலை அவர் குறிப்பிட்டது நம் சிந்தனைக்கு உரியது. பள்ளி வாயிலில் நடப்போர் சிறுவர். அவர்தம் உயரமும் குறைவு. வண்டியின் முன்மூடி உயர உயர, அதன் முன்னே நிற்கும் சிறு பிள்ளை ஓட்டுநர் கண்ணுக்கு மறைகிறது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதனை வேறொரு கோணத்தில் காட்டியது. முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள், 30 அங்குலமும் அதற்குக் குறைவுமான சாய்ந்த முன்மூடி கொண்ட வண்டிகளைவிட, மோதும்போது நடப்போரைக் கொல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு மிகுதி என்பது அதன் முடிவு. தம் பிள்ளையின் காப்புக்காக உயர்ந்த வண்டியைத் தெரிவு செய்யும் பெற்றோர், அடுத்த வீட்டுப் பிள்ளையின் காப்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தெரிவு செய்வோர் கேட்க வேண்டிய வினாக்கள்

பெரிய வண்டியே வேண்டா என்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. முதியோரையும் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்லும் பெருங்குடும்பத்துக்கும், செம்மண் பாதையில் நாள்தோறும் செல்லும் தோட்ட அலுவலர்க்கும், மலைப்பகுதியில் பணியாற்றும் மருத்துவர்க்கும் அது தேவையாகலாம். தேவையை அறிய வரலாறு சில வினாக்களைத் தருகிறது.

முதல் வினா: இவ்வண்டி எங்கே செல்லப் போகிறது? நான்கு சக்கர இயக்கம் சேற்றிலிருந்து வண்டியைப் புறப்படச் செய்யும். மழைச்சாலையில் விரைந்து நிற்கச் செய்யாது. நிறுத்தும் பிரேக்கு எளிய வண்டிக்கும் நான்கு சக்கரங்களிலும் உண்டு. பற்றுவது டயரே. இவ்வேறுபாட்டை உணராதோர், மழையில் பெரிய வண்டி தம்மைக் காக்கும் என்று நம்பி மிகை வேகத்தில் செல்வர். 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கிள்ளான் பள்ளத்தாக்கை மூழ்கடித்த வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. உயர்ந்த வண்டியும் ஓடும் நீரில் மிதக்கும்; அடித்துச் செல்லப்படும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்னும் பழமொழி சக்கரத்துக்கும் பொருந்தும்.

இரண்டாம் வினா: வாங்கிய பின்னர் ஆகும் செலவு யாது? யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்பது நம் பெரியோர் வழக்கு. மலேசியாவில் பெட்ரோல் வண்டிகளுக்குச் சாலை வரி இயந்திரத்தின் கொள்ளளவைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அளவு ஏற ஏற வரி படிப்படியாக அன்று, பாய்ச்சலாக ஏறுகிறது. சிங்கப்பூரில் 1990ஆம் ஆண்டு முதல், வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழை ஏலத்தில் பெறவேண்டும். அதன் ஆயுள் பத்தாண்டு. 2023ஆம் ஆண்டு, மிக விலையுயர்ந்த வண்டிகளின் கூடுதல் பதிவுக் கட்டணத்தின் உச்சப் படிநிலை 320 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. இடமற்ற தீவில் பெரிய வண்டி பொது இடத்தை விழுங்குகிறது. அதற்கு விலை கொடு என்று அரசு கேட்கிறது. இவற்றோடு எரிபொருளும், அகன்ற டயர்களும், காப்பீடும், தவணை வட்டியும் சேர்கின்றன. மேலும், செல்வ வண்டி வாங்கிய சில ஆண்டுகளிலேயே தன் விலையின் பெரும் பகுதியை இழக்கும். வீடு வாங்கக் கடன்படுவதும் பிள்ளையின் கல்விக்குக் கடன்படுவதும் ஒரு வகை. தேயும் பொருளுக்குக் கடன்படுவது வேறு வகை.

மூன்றாம் வினா: பழுது நேர்ந்தால் துணை நிற்போர் யார்? ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் 1989ஆம் ஆண்டு லெக்சஸ் என்னும் பெயரில் அமெரிக்காவில் பெரிய செல்வ வண்டியை வெளியிட்டது. அவ்வாண்டு இறுதியில், மிகச் சில குறைபாடுகளே வந்த நிலையில், விற்ற ஏறத்தாழ 8,000 வண்டிகளையும் நிறுவனம் திருத்தத்திற்கு அழைத்தது. பணியாளர்கள் உரிமையாளர் இல்லம் தேடிச் சென்று வண்டியைப் பெற்றுத் திருத்திக் கழுவித் திரும்ப ஒப்படைத்தனர். இழுக்காக வேண்டியது புகழாயிற்று. வண்டியைப் பார்க்குமுன் அதன் பணிமனையைப் பார்த்தல் நன்று என்பதே இதன் கருத்து.

நான்காம் வினா: எவர் பார்ப்பதற்காக வாங்குகிறேன்? இவ்வினாவுக்கு விடையைப் பிறர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. தனக்குத்தானே மெய்யாகச் சொல்லிக்கொண்டால் போதும்.

வகுப்பறைக்கு ஒரு குறிப்பு

ஆசிரியப் பெருமக்கள் இப்பொருளைக் கொண்டு பல பாடங்களை இணைக்கலாம். ரப்பர்க் கன்றின் பயணம் புவியியல். கங்காணி முறையும் அவசரகாலமும் வரலாறு. எடையும் வேகமும் மோதலின் ஆற்றலை எவ்வாறு பெருக்குகின்றன என்பது அறிவியல். தவணை வட்டி கணக்கு. வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பதை ஒரு முறை கணக்கிட்டுப் பார்த்த மாணவன், வளர்ந்து வண்டி ஓட்டும்போது அதனை நினைவுகூர்வான். விளம்பரத் தாளை வெறும் வண்ணப்படமாகப் பார்க்காமல், அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று படித்தறியக் கற்பிப்பதும் மொழிப்பாடமே.

முடிவுரை

1907ஆம் ஆண்டில் ரோல்ஸ்-ராய்ஸ் புகழ் பெற்றது, 15,000 மைல் ஓடியும் தேயாமையால். 1948ஆம் ஆண்டில் லேண்ட் ரோவர் புகழ் பெற்றது, வயலில் உழைத்தமையால். 1970ஆம் ஆண்டில் ரேஞ்ச் ரோவர் புகழ் பெற்றது, இரு வேறு பணிகளை ஒரு வண்டி செய்தமையால். பின்வந்தோர் அப்புகழை விலை கொடுத்து வாங்க முற்பட்டனர். வண்டியை வாங்கலாம், அது ஈட்டிய புகழை வாங்க இயலாது.

தமிழர் மரபில் நிலைத்த ஒரு தேர் உண்டு. அது பாரியின் தேர். அதற்கு எத்தனை குதிரை பூட்டினார்கள், எவ்வளவு பொன் வேய்ந்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை. பற்றிப் படரக் கொழுகொம்பின்றி வாடிய முல்லைக் கொடிக்கு அது பயன்பட்டது என்பதனாலேயே இரண்டாயிரம் ஆண்டுகளாக அதனைப் பேசுகிறோம். நம் மாணவச் செல்வங்கள் நாளை ஈட்டும் பொருளால் சிறியதோ பெரியதோ ஒரு மகிழுந்தை வாங்குவர். அதில் எவரை ஏற்றிச் சென்றனர், எப்பணிக்குச் சென்றனர், சாலையில் நடந்தோர்க்கு எவ்வாறு வழிவிட்டனர் என்பவற்றால் அவர்தம் பெருமை அளக்கப்படுமாக.